படிவக் கட்டத்துக்குள் மாதிரி வரி: எழுதும் முறையும் இணைக்கும் முறையும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளி, சந்தூர் பக்கம் ஒட்டு மாங்கன்று விற்கும் நாற்றுப்பண்ணைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு, தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இணையதளம் அமைத்துக் கொடுத்தபோது, கன்று வேண்டுவோர் முன்பதிவு செய்வதற்கென ஒரு படிவமும் வைத்தேன். பெயர், கைபேசி எண், ஊர், வட்டம், அஞ்சல் குறியீட்டு எண், மா வகை, கன்றுகளின் எண்ணிக்கை என்று ஏழு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மங்கலான எழுத்தில் ஒரு வரி தெரியும்படி செய்தேன், அல்லது செய்ததாக எண்ணிக்கொண்டேன். சில நாள் கழித்துப் பண்ணையிலிருந்து அழைத்தார்கள். வந்திருந்த பதிவுகள் சிலவற்றில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘உங்கள் பெயர்’ என்றும், ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ‘உங்கள் ஊர்’ என்றுமே இருந்தன. கன்று கேட்டவர் யார், எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அமைப்பில் ஒரே ஒரு சொல் விடுபட்டதுதான் காரணம். அந்தச் சொல் எது, அது எங்கே வர வேண்டும் என்பதையும், அதைவிட முக்கியமாக, கட்டத்துக்குள் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதையும் இங்கே விளக்குகிறேன்.

மாதிரி வரி என்பது எது

படிவக் கட்டம் வெறுமையாக இருக்கும்வரை அதனுள் மங்கலாகத் தெரிந்து, பயனர் முதல் எழுத்தைத் தட்டியவுடன் மறைந்துபோகும் வரியைப் பிளேஸ்ஹோல்டர் என்கிறோம். எச்டிஎம்எல் மொழியின் ஐந்தாம் பதிப்பில் இது கட்டத்துக்குரிய ஒரு பண்பாக இடம்பெற்றது. அந்தப் பதிப்பு 2014 அக்டோபர் 28 அன்று உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளியானது. அதற்கு முன் இதே தோற்றத்தை வரவழைக்க ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருந்தது. இன்று வேர்ட்பிரஸ் போன்ற எந்த உள்ளடக்க மேலாண்மை அமைப்பை எடுத்துக்கொண்டாலும், கடைசியில் அது செய்வது இந்த ஒரு பண்பைக் கட்டத்தோடு சேர்ப்பதுதான்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறு இரண்டு உண்டு. ஒன்று, கட்டத்தின் தலைப்பு, அதாவது லேபிள். இது கட்டத்துக்கு வெளியே நின்று, என்ன கேட்கிறோம் என்பதைச் சொல்கிறது. பயனர் எழுதத் தொடங்கிய பிறகும் மறையாது. மற்றொன்று, டிஃபால்ட் வேல்யூ எனப்படும் முன்நிரப்பு மதிப்பு. இது பயனர் சார்பில் நாமே முன்கூட்டி எழுதி வைக்கும் விடை. அவர் அதை அழிக்காமல் அனுப்பு பொத்தானை அழுத்தினால், அதுவே அவருடைய விடையாகப் பதிவாகிவிடும். பிளேஸ்ஹோல்டரோ ஒருபோதும் அனுப்பப்படுவதில்லை. திரையில் பார்க்கும்போது இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றுவதால்தான், நான் செய்த பிழை எளிதில் கண்ணில் படாமல் போகிறது.

ஆக, கேள்வி தலைப்பில் இருக்க வேண்டும். கட்டத்துக்குள் விடையின் மாதிரி மட்டுமே இருக்க வேண்டும். கேள்வியையே கட்டத்துக்குள் வைத்துவிட்டுத் தலைப்பை நீக்கினால் படிவம் சிறியதாகவும் அழகாகவும் தெரியும் என்று பலர் கேட்கிறார்கள். நான் மறுத்துவிடுகிறேன். ஏழு கட்டங்களை நிரப்பி முடித்த ஒருவர், அனுப்புமுன் மேலே போய்ச் சரிபார்க்க நினைத்தால், ‘பர்கூர்’ என்று தாம் எழுதியது ஊருக்கா வட்டத்துக்கா என்று தெரிந்துகொள்ள அவரிடம் எதுவும் இராது. கைபேசியே தானாக நிரப்பிக்கொடுக்கும் விவரங்களைச் சரிபார்ப்பது இன்னும் கடினம். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களும் தலைப்பைத்தான் முதன்மையாக நம்புகின்றன. மாதிரி வரியைத் தலைப்புக்கு மாற்றாகப் பயன்படுத்தக்கூடாது என்று எச்டிஎம்எல் வரையறையே சொல்கிறது.

கான்டாக்ட் ஃபார்ம் 7-இல் இணைத்தல்

வேர்ட்பிரஸ் தளங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் இலவச நீட்சி, அதாவது பிளகின், இது. எனக்கு நேர்ந்த பிழையும் இதில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கட்டுப்பாட்டுப் பலகையின் இடப்பக்கத்தில் ‘கான்டாக்ட்’ என்ற பட்டியைத் திறந்து, உரிய படிவத்தைத் தேர்ந்தெடுத்தால், ‘ஃபார்ம்’ என்ற தாவலில் ஒவ்வொரு கட்டமும் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு குறிச்சொல்லாக இருப்பதைக் காணலாம். குறிச்சொல்லில் முதலில் கட்டத்தின் வகை வரும். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டமென்றால் வகையை ஒட்டி ஓர் உடுக்குறி (*) வரும். பிறகு கட்டத்தின் பெயர். அந்தப் பெயருக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, பிளேஸ்ஹோல்டர் என்ற ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்து, மறுபடியும் ஓர் இடைவெளி விட்டு, நீங்கள் காட்ட விரும்பும் வரியை இரட்டை மேற்கோள்குறிக்குள் எழுத வேண்டும். அதன் பின் அடைப்புக்குறியை மூடிச் சேமித்தால் வேலை முடிந்தது.

இங்கே பிளேஸ்ஹோல்டர் என்ற அந்தச் சொல் விடுபட்டாலும் படிவம் பிழை எதையும் காட்டாது. மேற்கோள்குறிக்குள் இருப்பதை முன்நிரப்பு மதிப்பாக எடுத்துக்கொண்டு அமைதியாக வேலை செய்யும். ‘உங்கள் பெயர்’ என்பது பெயர்க் கட்டத்தில் உண்மையான எழுத்தாகவே உட்கார்ந்துவிடும். அந்தக் கட்டத்தைக் கட்டாயமானது என்று நீங்கள் குறித்திருந்தாலும் பயன் இல்லை. கட்டம் வெறுமையாக இல்லாததால் சோதனையைக் கடந்து பதிவு அனுப்பப்பட்டுவிடும். சந்தூர்ப் படிவத்தில் நடந்தது இதுவே.

குறிச்சொல்லைக் கையால் எழுதத் தயங்குவோர், மேலே உள்ள பொத்தான்களில் கட்ட வகையைத் தேர்ந்தெடுத்து, திறக்கும் சிறு சாளரத்தில் டிஃபால்ட் வேல்யூ என்ற பெட்டியில் வரியை எழுதி, அதை மாதிரி வரியாகப் பயன்படுத்துமாறு கேட்கும் தேர்வுக்கட்டத்தைக் குறியிட்டுச் சேர்க்கலாம். சாளரத்தின் தோற்றம் பதிப்புக்குப் பதிப்பு மாறினாலும், சேர்த்த பின் உருவான குறிச்சொல்லில் பிளேஸ்ஹோல்டர் என்ற சொல் இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்வது எல்லாப் பதிப்புக்கும் பொருந்தும்.

மேற்கோள்குறியிலும் கவனம் தேவை. வரியை வேர்டு கோப்பிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வைத்திருந்து அங்கிருந்து ஒட்டினால், நேரான மேற்கோள்குறிக்குப் பதிலாக வளைந்த குறிகள் வந்துவிடக்கூடும். குறிச்சொல் அவற்றைப் புரிந்துகொள்ளாது. குறிகளை மட்டும் அழித்துவிட்டு, விசைப்பலகையில் நேரடியாகத் தட்டச்சு செய்யுங்கள்.

டபிள்யூபிஃபார்ம்ஸ், மற்ற அமைப்புகள்

டபிள்யூபிஃபார்ம்ஸ் என்ற வேர்ட்பிரஸ் நீட்சியில் குறிச்சொல் வேலை இல்லை. படிவத்தைத் திறந்து, வலப்பக்க முன்னோட்டத்தில் உரிய கட்டத்தின்மேல் சொடுக்கினால், இடப்பக்கத்தில் அதன் அமைப்புகள் விரியும். அவற்றுள் ‘அட்வான்ஸ்டு’ தாவலில் ‘பிளேஸ்ஹோல்டர் டெக்ஸ்ட்’ என்ற பெட்டி இருக்கும். அதில் எழுதிச் சேமித்தால் போதும். அதே தாவலில் ‘டிஃபால்ட் வேல்யூ’ பெட்டியும் இருப்பதால், எந்தப் பெட்டியில் எழுதுகிறோம் என்பதில் கண் இருக்கட்டும். தலைப்பை மறைக்கும் தெரிவும் அங்கேயே உள்ளது. அதைத் தொட வேண்டாம்.

இந்த நீட்சியின் பெயர்க் கட்டம் வழக்கமாக முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டாகப் பிரிந்து வரும். நம் ஊரில் தலைப்பெழுத்தும் பெயரும் கொண்டவரே மிகுதி என்பதால், ‘கடைசிப்பெயர்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் தலைப்பெழுத்தை இடுவோர், தந்தை பெயரை இடுவோர், சொந்தப் பெயரையே இரண்டாம் முறை இடுவோர் என்று விடைகள் பலவாறாகச் சிதறும். எவ்வளவு நல்ல மாதிரி வரி எழுதினாலும் இந்தச் சிக்கல் தீராது. கட்டத்தின் அமைப்பில் ‘சிம்பிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரே கட்டமாக்கிவிட்டு, ‘எ.கா. மு. செல்வி’ என்பதுபோல் ஒரு மாதிரி வையுங்கள்.

துருபல் என்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்பில், உள்ளடக்க வகையின் ‘மேனேஜ் ஃபார்ம் டிஸ்ப்ளே’ பக்கத்துக்குப் போய், எழுத்துக் கட்டத்தின் வலப்புறமுள்ள பற்சக்கரக் குறியை அழுத்தினால் பிளேஸ்ஹோல்டர் பெட்டி கிடைக்கும். ஜூம்லா என்ற இன்னோர் அமைப்பில் படிவத்தை எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதுவோர், இதே பண்புக்கு ‘ஹிண்ட்’ என்ற பெயரைப் பயன்படுத்த வேண்டும். வேர்ட்பிரஸின் தேடல் பிளாக்கில் தனி அமைப்பே தேவையில்லை. தொகுப்பானில் தேடல் பெட்டியின்மேல் சொடுக்கி நேராக அதற்குள் தட்டச்சு செய்தால் அதுவே மாதிரி வரியாகிவிடும்.

மாதிரி வரி தெரியாத கட்டங்கள்

பெட்டியில் எழுதிச் சேமித்தும் திரையில் எதுவும் தெரியவில்லை என்றால், முதலில் கட்டத்தின் வகையைப் பாருங்கள். ஒற்றை வரி எழுத்து, பல வரி எழுத்து, மின்னஞ்சல், தொலைபேசி, இணைய முகவரி, தேடல், கடவுச்சொல், எண் ஆகிய வகைகளில்தான் இந்தப் பண்பு செயல்படும். தேதிக் கட்டத்தில் செயல்படாது. அங்கே நாள், மாதம், ஆண்டு என்று உலாவியே தன் வடிவத்தைக் காட்டும். தேர்வுக்கட்டம், கோப்பு ஏற்றும் கட்டம் ஆகியவற்றுக்கும் இது இல்லை.

கீழிறங்கு பட்டியலுக்கும் இந்தப் பண்பு கிடையாது. ஆனால், ‘வகையைத் தேர்ந்தெடுக்கவும்’ என்ற மதிப்பில்லாத தெரிவை முதலில் வைத்து அதே பயனைப் பெறலாம். கான்டாக்ட் ஃபார்ம் 7-இல் இதற்கு ஃபர்ஸ்ட், ஆஸ், லேபிள் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை அடிக்கோட்டால் இணைத்துப் பட்டியலின் பெயருக்குப் பின் எழுத வேண்டும். டபிள்யூபிஃபார்ம்ஸில் கீழிறங்கு பட்டியலுக்கும் பிளேஸ்ஹோல்டர் பெட்டியே கொடுத்திருக்கிறார்கள்.

எங்கே மாதிரி வரி போதும், எங்கே பட்டியல் வேண்டும் என்பது ஊரை அறிந்தவர் முடிவு செய்ய வேண்டியது. மா வகைக்கு நான் முதலில் ‘எ.கா. அல்போன்சா’ என்று எழுதி வைத்தேன். தோத்தாபுரி என்று ஒருவரும் பெங்களூரா என்று இன்னொருவரும் எழுதினார்கள். இரண்டும் ஒரே பழம். செந்தூரா, மல்கோவா, நீலம், பங்கனப்பள்ளி என்று வகைகளை வரிசைப்படுத்தி, தோத்தாபுரியையும் பெங்களூராவையும் ஒரே தெரிவாக வைத்த பிறகு பண்ணையில் பிரித்து எண்ணும் வேலை குறைந்தது. மாவட்டம் கேட்கும் படிவங்களிலும் அப்படித்தான். 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை அந்தப் பகுதி தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. அதற்கு முந்தைய பத்திரத்தைப் பார்த்து முகவரி எழுதுபவர் தருமபுரி என்றே எழுதுவார். அது அவருடைய தவறு ஆகாது. மாவட்டங்களையும் வட்டங்களையும் பட்டியலாகக் கொடுத்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

எதை எழுதுவது

ஊர்க் கட்டத்தில் ‘கிருஷ்ணகிரி’ என்று மட்டும் எழுதி வைத்தால், கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் அதைப் பார்த்து, தம் ஊர் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது என்று நினைத்து அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். அனுப்பும்போது ‘இந்தக் கட்டம் கட்டாயம்’ என்ற சிவப்பு எச்சரிக்கை வரும். நிரப்பியிருக்கிறதே, ஏன் ஏற்கவில்லை என்று அவர் திகைப்பார். எனவே மாதிரி வரி ஒவ்வொன்றையும் ‘எ.கா.’ என்று தொடங்குங்கள். இரண்டு எழுத்து, இரண்டு புள்ளி. இது மாதிரி என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கைபேசி எண்ணுக்கு உண்மையான எண்போல் தோன்றும் பத்து இலக்கங்களை எழுதாதீர்கள். நீங்கள் மனம்போன போக்கில் எழுதிய எண் யாரோ ஒருவருடையதாக இருக்கும்; அவரை அழைத்துக் கன்று கேட்பவர்களும் இருப்பார்கள். ‘இடைவெளியின்றி 10 இலக்கங்கள்’ என்று எழுதினால் போதும். அஞ்சல் குறியீட்டு எண்ணில் அந்தத் தொல்லை இல்லை, ‘எ.கா. 635001’ என்று கிருஷ்ணகிரியின் எண்ணையோ, ‘எ.கா. 636701’ என்று தருமபுரியின் எண்ணையோ காட்டலாம். இந்த எண்ணை எண் வகைக் கட்டத்தில் கேட்காமல் எழுத்து வகைக் கட்டத்தில் கேளுங்கள். எண் வகை கூட்டிக் குறைக்கக்கூடிய அளவுகளுக்கு உரியது. அதன் ஓரத்தில் உள்ள அம்புக்குறி தவறுதலாக அழுந்தினால் 635001 என்பது 635002 ஆகிவிடும்.

அளவைக் கேட்கும்போது அலகு எப்போதும் தலைப்பிலேயே இருக்க வேண்டும். தருமபுரியில் பட்டுக்கூடு கொண்டுவருவோருக்கான படிவம் என்றால், தலைப்பில் ‘பட்டுக்கூட்டின் எடை, கிலோவில்’ என்றும், கட்டத்துக்குள் ‘எ.கா. 45’ என்றும் வைக்கலாம். ‘கிலோவில் எழுதவும்’ என்ற குறிப்பைக் கட்டத்துக்குள் வைத்தால், முதல் இலக்கத்தைத் தட்டியதும் அது மறைந்துவிடும். பாலக்கோட்டுத் தக்காளிப் படிவமென்றால் எழுதுபவர் கிலோவில் எழுதினாரா, கிரேட் எனப்படும் பெட்டிக் கணக்கில் எழுதினாரா என்று பிறகு யாருக்கும் தெரியாது. மறந்தால் தவறு நேரக்கூடிய எந்தக் குறிப்பையும் மறைந்துபோகும் இடத்தில் வைக்காதீர்கள். அத்தகைய குறிப்புகளுக்கென்றே பெரும்பாலான அமைப்புகளில் கட்டத்துக்குக் கீழே விளக்கம் எழுத ஒரு பெட்டி உண்டு.

நீளத்தையும் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் அகலமானவை. ஒற்றை வரிக் கட்டத்தில் மாதிரி வரி மடங்கி அடுத்த வரிக்கு வராது, ஓரத்தில் வெட்டுப்படும். கணினியில் முழுதாகத் தெரிந்த ‘தங்களின் கிராமம் மற்றும் ஊராட்சியின் பெயரை உள்ளிடவும்’ என்பது கைபேசியில் ‘தங்களின் கிராமம் மற்’ என்று நின்றுவிடும். ‘எ.கா. மத்தூர்’ என்பது எந்தத் திரையிலும் அடங்கும். பல வரிக் கட்டத்தில் மட்டும் வரிகளைப் பிரித்து எழுதலாம்.

எழுத்துருவும் நிறமும்

பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வரியை ஒட்டினால், திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில்தான் எழுத வேண்டும். ஒருங்குறியில் எழுதியும், பக்கத்தின் மற்ற இடங்களில் உள்ள அழகான தமிழ் எழுத்துரு கட்டத்துக்குள் மட்டும் வராமல் வேறாகத் தெரிவதுண்டு. படிவக் கட்டங்களுக்கு உலாவிகள் தனி எழுத்துருவை வைத்திருப்பதே காரணம். தளத்தின் ‘அடிஷனல் சிஎஸ்எஸ்’ பகுதியில், உள்ளீட்டுக் கட்டங்களுக்கான எழுத்துரு பக்கத்தின் எழுத்துருவையே பின்பற்ற வேண்டும் என்று குறிப்பிட்டால் சரியாகிவிடும். அங்கேயே எழுத்தளவை 16 பிக்சலுக்குக் குறையாமல் வையுங்கள். குறைந்தால் ஐபோனில் கட்டத்தைத் தொட்டவுடன் பக்கம் பெரிதாகி ஓடும். வரியின் உயரத்தையும் சற்றுக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் ‘கீ’, ‘கூ’ போன்றவற்றின் சுழிகள் மேலும் கீழும் வெட்டுப்படலாம்.

நிறம் மங்கலாக இருக்க வேண்டும் என்பதற்காக வாசிக்க முடியாத அளவுக்கு மங்கலாக்குவது பெரும்பாலான ஆயத்த வடிவமைப்புகளில் காணும் குறை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது வலை அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் அளவுகோல். வெள்ளைப் பின்னணியில் ஹேஷ் குறிக்குப் பின் 767676 என்று எழுதும் சாம்பல் நிறம் அந்த அளவைச் சற்றே தாண்டி நிற்கிறது. அதைவிட வெளிறிய சாம்பலைத் தவிருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி மாதிரி வரியைத் தானாகவும் மங்கச் செய்வதால், ஒளிபுகாமையைக் குறிக்கும் ஒபாசிட்டி மதிப்பை 1 என்று உடன் குறிப்பிட வேண்டும். சித்திரை வெயிலில் மாந்தோப்பில் நின்றபடி கைபேசியைப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

சரிபார்த்தல்

சேமித்த பின் பழைய வரியே தெரிந்தால், பக்கத்தின் பழைய நகலை வைத்திருக்கும் கேச் நீட்சியின் சேமிப்பை அழித்துவிட்டு, உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே எந்தக் கட்டத்தையும் தொடாமல் அனுப்பு பொத்தானை அழுத்துங்கள். கட்டாயக் கட்டங்கள் எல்லாவற்றிலும் எச்சரிக்கை வர வேண்டும். ஏதேனும் ஒன்றில் வரவில்லையென்றால், அங்கே உங்கள் மாதிரி வரி முன்நிரப்பு மதிப்பாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, கட்டாயமானவற்றை மட்டும் நிரப்பி அனுப்பி, வந்த மின்னஞ்சலைத் திறந்து, நிரப்பாத கட்டங்களுக்கு நேரே வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இவற்றை முடித்த பிறகு, இணையதளத்தைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, நீங்கள் ஒன்றும் சொல்லாமல் அவரையே நிரப்பச் சொல்லுங்கள். சந்தூர்ப் பண்ணையில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மா ஒருவரிடம் நான் அப்படிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, எண்ணிக்கைக் கட்டத்தில் மட்டும் நின்று, “ஒரு ஏக்கருக்குச் சொல்லணுமா, மொத்தத்துக்கா தம்பி?” என்று கேட்டார். அன்றே தலைப்பை ‘தேவைப்படும் மொத்தக் கன்றுகள்’ என்று மாற்றினேன்; கட்டத்துக்குள் ‘எ.கா. 70’ என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன்.